கலமசூப் பெண்கள் செய்த கிற்றார்கள்

பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று. ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தின் முன்னால் எழுபது பேரளவிலான பெண்கள் வரிசை வரிசையாக இருந்தும் நின்றும் படத்துக்கு முகம் காட்டுகிறார்கள். 1944ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்டது அந்தப் படம். இடம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கலமசூ நகரம். பின்னால் தெரிவது கிப்சன் கொம்பனியின் கிற்றார்த் தொழிற்சாலை.

அந்தக் கொம்பனியைப் பற்றி எழுதப்பட்ட வரலாற்றிலோ, இரண்டாம் உலக யுத்த காலத்தில் அங்கே இசைக்கருவி உற்பத்தி நிறுத்தப்பட்டு, படையினருக்கான பொருட்களே செய்யப்பட்டன என்றுதான் இருந்தது. அப்படியானால் இத்தனை பெண்களும் அங்கே என்ன வேலை செய்தார்கள்? இப்படியொரு கேள்வியைக் கேட்டு விடை தேடிப் புறப்பட ஒருவருக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர்தான் தோன்றியது. அந்தக் கதையை எமது வாசகிகளுக்குச் சொல்லவேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

கிற்றார் என்றவுடன் எம்மில் பலருக்குத் தேவாலயப் பாடகர் குழுவும் கல்யாண வீட்டுப் பைலாவும் நினைவுக்கு வரும். கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆகவே அதன் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் இல்லாமல், தன் மரப்பெட்டியினாலேயே ஒலியைப் பெருக்கும் கிற்றாரை அக்கூஸ்ரிக் கிற்றார் என்பார்கள். அதன் உயிர் இருப்பது முன்பலகையில்தான். ஸ்புறூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரத்திலிருந்து அறுத்த அந்தப் பலகை ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் தடிப்பு மட்டுமே உடையது. ஆறு உருக்குக் கம்பிகளையும் முறுக்கிச் சுருதி சேர்க்கும்போது அவை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ பாரத்தின் வலுவுடன் இழுக்கின்றன. வளர்ந்த ஓர் ஆளின் நிறை! பலகை தடிப்பாக இருந்தால் அதிராது, சத்தம் ஊமையாகிவிடும். மெல்லியதாக இருந்தால் வளைந்து பிளந்துவிடும். இதற்காகப் பலகையின் உட்புறத்தில் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டுகிறார்கள். அந்தச் சட்டங்களை எவ்வளவு சீவுவது, எவ்வளவு தேய்ப்பது என்பதில்தான் ஒரு கிற்றாரின் குரல் தங்கியுள்ளது. வெளியே பளபளக்கும் பூச்சில் அல்ல. கண்ணுக்குத் தெரியாத அந்த உள்வேலையே பெரிய வேலை.

இனி கடைகளுக்கு வருவோம். பழைய கிற்றார்களை மட்டும் தேடி அலைகின்ற ஒரு கூட்டம் உலகமெங்கும் உண்டு. இவர்களுக்கென்றே பெயர்பெற்ற கடைகள் இருக்கின்றன. நாஷ்வில் நகரில் 1970இல் தொடங்கிய குறூன் கிற்றார்ஸ் அவற்றிலொன்று. கலமசூ இருக்கும் அதே மிச்சிகன் மாநிலத்தில், ஈஸ்ற் லான்சிங் நகரில் 1972இல் தொடங்கிய எல்டர்லி இன்ஸ்ற்றுமென்ற்ஸ் இன்னொன்று. இத்தகைய கடைக்கு வரும் ஆர்வலர் கிற்றாரை எடுத்தவுடன் வாசிக்கமாட்டார். சிறிய கண்ணாடியையும் ரோர்ச் வெளிச்சத்தையும் ஒலித் துவாரத்துக்குள் விட்டு உள்ளே பார்ப்பார். கழுத்துப் பகுதி பெட்டியுடன் சேரும் கட்டையில் தொழிற்சாலை இலக்கம் இருக்கிறதா, சட்டங்கள் பழையவைதானா, யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்றெல்லாம் துருவிப் பார்ப்பார். நகைக் கடையில் எங்கள் பெண்கள் சங்கிலியின் கொக்கியைத் திருப்பிப் பார்ப்பதுபோல!

இந்த ஆர்வலர்கள் மிகவும் விரும்பித் தேடும் கிற்றார்களில் ஒருவகை, தலைப்பகுதியில் பொன்னிறப் பட்டியொன்று வரையப்பட்டவை. கிப்சனைத் தவிர வேறெதுவும் போதாது என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வாசகம் அதில் எழுதப்பட்டிருக்கும். அதனால் அவற்றுக்கு 'பனர்' கிப்சன் என்று பெயர். அந்தப் பட்டி 1942இல் தோன்றி, யுத்தம் முடிந்த கையோடு மறைந்துவிட்டது. இந்த வகையில் பிரபலமானது ஜே-45 என்ற மாதிரி. 1942இல் அது வெளிவந்தபோது விலை 45 டொலர். இன்று நல்ல நிலையிலுள்ள ஒன்றை வாங்கப் பல ஆயிரம் டொலர் வேண்டும். பாடகர் பட்டி ஹொலி தன் ஜே-45க்குத் தோலினால் உறை தைத்து, அதில் தானே சித்திர வேலை செய்து வைத்திருந்தார். 1959இல் விமான விபத்தில் அவர் இறந்தார். அந்தக் கிற்றார் 1990இல் ஏலத்தில் இரண்டு இலட்சம் டொலருக்கும் மேல் விலைபோனது.

ஆக, கொம்பனியின் கணக்கில் செய்யப்படாத கிற்றார்கள் உலகத்தில் இருந்தன. மனிதர்கள் அவற்றை விலை கொடுத்து வாங்கினார்கள், வாசித்தார்கள், பாடினார்கள். செய்தவர் மட்டும் யாரும் இல்லை.

யுத்தத்துக்குள் ஒரு தொழிற்சாலை

1941 டிசம்பரில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. தொழிற்சாலைகளிலிருந்த ஆண்கள் படைக்குப் போனார்கள். கலமசூவில் அவர்களுடைய மேசைகளுக்குப் பெண்கள் வந்தார்கள். அநேகர் அந்த ஊரையும் அயலையும் சேர்ந்தவர்கள். கிற்றார் செய்வது இருக்கட்டும், வாசிக்கவும் தெரியாதவர்களே அதிகம். குடும்பத்தில் உழைத்த ஆண் போர்முனையில், வீட்டில் செலவு. வேலை கிடைத்தது, வந்தார்கள். அந்த நிலைமையை எமது வாசகிகளுக்கு நான் விளக்கவேண்டிய தேவையில்லை.

கொம்பனி படையினருக்கான வேலை செய்ததும் பொய்யல்ல. கிளைடர் விமானங்கள் தரையிறங்கும் சறுக்குக் கட்டைகளும் ரேடார் கருவிக்கான பாகங்களும் அங்கே செய்யப்பட்டன. அதன் பக்கத்திலேயே கிற்றாரும் உருவானது. பொருட்களுக்குத் தட்டுப்பாடு. இசைக்கருவியின் நிறையில் நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேல் உலோகமும் யுத்தத்துக்குத் தேவையான பிற பொருட்களும் இருக்கக்கூடாதென அரசாங்கம் 1942இல் கட்டுப்பாடு விதித்தது. கழுத்து வளையாதிருக்க அதனுள்ளே ஓர் உருக்குக் கம்பி வைப்பது வழக்கம். அது கிடைக்காதபோது, கழுத்தையே தடிப்பாகச் செய்து சமாளித்தார்கள். முதுகுக்கும் பக்கங்களுக்கும் மஹோகனி மரம் போதாதபோது மேப்பிள் மரம் போட்டார்கள். அகலமான ஸ்புறூஸ் பலகை இல்லாவிட்டால், வழமையான இரண்டு துண்டுகளுக்குப் பதிலாக நான்கு ஒடுங்கிய துண்டுகளை ஒட்டி முன்பலகை ஆக்கினார்கள். ஒட்டு தெரியாமலிருக்க ஓரங்களில் கருமையும் நடுவில் பொன்மஞ்சளுமாகப் பூச்சு பூசினார்கள். இருந்ததைக் கொண்டு ஒப்பேற்றுவது என்று எங்கள் ஊரில் சொல்வோமே, அதேதான்.

அந்தத் தடித்த கழுத்தை இன்று சில வாசிப்பாளர்கள் கை நிறையப் பிடிக்கலாம் என்று புகழ்கிறார்கள். சிறிய கையுடையவர்கள் விரல் நோகிறது என்று குறை சொல்கிறார்கள். தட்டுப்பாட்டினால் வந்த ஒன்று பிற்காலத்தில் விசேட அம்சமாகிவிட்டது!

கம்பி சுற்றும் பகுதியிலும் பெண்கள் வேலை செய்தார்கள். கிற்றாரின் மெல்லிய கம்பிகள் வெறும் உருக்கு. தடித்த கம்பிகளோ அப்படியல்ல. நடுவிலுள்ள உருக்குக் கம்பி சுழன்றுகொண்டிருக்க, அதன்மேல் இன்னொரு மெல்லிய உலோகக் கம்பியை இடைவெளி விழாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கமாகச் சுற்றவேண்டும். ஓரிடத்தில் தளர்ந்தாலும் கம்பி இரையும், சுருதி நில்லாது.

தேடிச் சென்றவர்

ஜோன் தோமஸ் என்பவர் கனெற்றிக்கற் மாநிலத்திலுள்ள குவினிப்பியாக் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்தவர். பழைய கிற்றார்களில் பைத்தியம் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் புகைப்படத்தைக் கண்டதும் அவருக்கு நித்திரை வரவில்லைப் போலும். சட்டத்தரணிக்குரிய பிடிவாதத்தோடு முதலில் ஏடுகளைத் தேடினார். கொம்பனியின் பழைய அனுப்புகைப் பதிவேடுகளைப் புரட்டியபோது, யுத்த ஆண்டுகளில் அங்கிருந்து 25,000க்குக் கிட்டிய இசைக்கருவிகள் வெளியே போயிருந்தது தெரியவந்தது. அவற்றில் 9,000க்கும் மேற்பட்டவை பனர் கிற்றார்கள். பிறகு பெண்களைத் தேடிக் கலமசூவுக்குப் போனார். அதற்குள் அவர்கள் எண்பதையும் தொண்ணூறையும் கண்ட பாட்டிமார். பன்னிரண்டு பேரளவில் அவருக்குக் கிடைத்தார்கள். அவர்களோடு இருந்து பேசிப் பதிவு செய்து, 2013ஆம் ஆண்டளவில் 'கலமசூ கால்ஸ்' என்ற பெயரில் நூலாக வெளியிட்டார். லோறன் ஷீஹன் என்ற பெண் கலைஞர் பனர் கிற்றார்களைக் கொண்டே வாசித்த இசைத்தட்டு ஒன்றும் அதற்குத் துணையாக வந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது அவர் செய்த இன்னொரு காரியம். கிற்றார்களை வைத்தியசாலை நோயாளர்போலப் படுக்கவைத்து எக்ஸ்றே எடுத்தார்! யுத்தத்துக்கு முன்னும் பின்னும் செய்யப்பட்டவற்றையும், பெண்கள் செய்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பெண்கள் செய்தவற்றில் உட்சட்டங்களும் பலகைகளும் சற்று மெல்லியவையாக, கூடுதலாகத் தேய்த்து மட்டம் பார்த்தவையாக இருந்தன. நான் முன்பு சொன்ன அந்த உள்வேலை கூடுதல் நுட்பமாக இருந்தது.

இதனைப் பெண்களின் பிறவிக் குணம், பொறுமை, மென்மை என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் பிறவியிலேயே எதுவும் வருவதில்லை. சிறுவயது முதல் ஊசி பிடித்து, கிழிசல் தைத்து, பின்னல் போட்டு, ஒரு நூல் விலகினாலும் பிரித்துத் திரும்பப் போட்டுப் பழகிய கைகள் அவை. அதைத் தொழில் என்று யாரும் பெயரிடவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எண்பது ஆண்டுகள் உலர்ந்த மரம் புதிய மரத்தைவிட இனிமையாக ஒலிக்கும் என்று ஆர்வலர்கள் நம்புகிறார்கள். ஆகவே அந்தக் கிற்றாரின் குரல் முழுவதையும் சட்டம் தேய்த்தவர் கணக்கில் எழுத முடியாது. எக்ஸ்றேயில் தெரியும் வேலையை எழுதலாம்.

கொம்பனி ஏன் மறைத்தது? பெண்கள் செய்த கிற்றார் என்றால் கடையில் வாங்கமாட்டார்கள் என்ற பயம் ஒரு காரணமாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பொருளைப் பெருமையாக விற்றுவிட்டு, செய்தவரைக் கேட்டால் யாருமில்லை என்பது அமெரிக்காவில் மட்டும் நடப்பதல்ல. கண்காட்சியில் வைக்கும் எங்கள் பனையோலைப் பெட்டிகளில் விலைத் துண்டு இருக்கும், நிறுவனத்தின் பெயர் இருக்கும். பின்னியவளின் பெயரை நான் அதிகம் கண்டதில்லை.

யுத்தம் 1945இல் முடிந்தது. படையிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள், வேலைகளும் அவர்களிடம் திரும்பின. கிற்றாரின் தலையிலிருந்த பொன்னிறப் பட்டியும் போயிற்று. கிப்சன் கொம்பனி 1984இல் கலமசூத் தொழிற்சாலையை மூடிவிட்டு வேறு மாநிலத்துக்குப் போனது. அங்கு வேலை செய்த சிலர் மறுவருடமே அதே பழைய கட்டடத்தில் ஹெரிற்றேஜ் என்ற பெயரில் சொந்தமாகக் கிற்றார் செய்யத் தொடங்கினார்கள்.

கடைகளில் ஆர்வலர்கள் இன்றும் கண்ணாடியும் ரோர்ச்சுமாக ஜே-45க்குள் எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே ஓர் இலக்கம் இருக்கும். அதிலிருந்து அது எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று கணிக்கலாம். உட்சட்டத்தைத் தேய்த்தவள் யார் என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. தோமஸ் தேடிப் போனபோது உயிரோடிருந்த அந்தப் பன்னிரண்டு பேரளவிலான பாட்டிமாரின் கதைகள் மட்டும் நூலில் இருக்கின்றன.