‘ஒத்துக்காது’ - மூணு கணக்கு!

காலை ஏழரை மணி. ஆபீஸுக்குக் கிளம்பியாக வேண்டும். ஒரு கையில் பஸ் பாஸ், இன்னொரு கையில் இட்லித் தட்டு. எதிரே எங்கள் வீட்டுச் சின்ன முதலாளி, வயது ஐந்து, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாங்க் லாக்கரைக்கூட இரண்டு சாவி போட்டால் திறந்துவிடலாம் ஸார். இந்த வாய்க்குச் சாவியே கிடையாது!

ரசம் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், சர்க்கரை தொட்ட இட்லி. இவ்வளவுதான் அவருடைய சாப்பாட்டு உலகம். வெண்டைக்காய் ஏன் வேண்டாம்? வழவழன்னு இருக்கு. கத்திரிக்காய்? கறுப்பா இருக்கு. கீரை? பச்சையா இருக்கு! போதாததற்குப் பால் வேறு ‘ஒத்துக்காது’.

‘எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே’ என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டு வருஷம் முன்பு வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பி.காம். படித்தவன். செலவைத் தப்பான தலைப்பில் எழுதினால் கணக்கு உதைக்கும் என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் வீட்டில் நான் செய்தது அந்தத் தப்பைத்தான்.

‘ஒத்துக்காது’ என்று நம்மிடம் ஒரு சௌகரியமான வார்த்தை இருக்கிறது. என் மாமனாருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காது. சித்தப்பாவுக்கு ஏ.ஸி. ஒத்துக்காது. எனக்குப் பால் ஒத்துக்காது. ஒரு டம்ளர் குடித்தால் வயிற்றுக்குள் தவில் கச்சேரி. பையனுக்கும் பால் ஒத்துக்காது. வார்த்தை ஒன்றுதானே என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டோம்.

“உனக்கும் சின்ன வயசுல இதே கதைதான்டா. கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துத்தான் பழக்கினேன்” என்பாள் அம்மா.

மூன்று வயதில் பையன் அவன் பாஷையில் சொல்லிப் பார்த்தான்: “பால் வாயைக் கடிக்குதுப்பா.”

“பாலுக்குப் பல்லா இருக்கு, கடிக்கிறதுக்கு?” என்று நான் ஜோக் அடித்தேன். வீடே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஜோக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

தஞ்சாவூரில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். பந்தியில் பால் பாயசம். “ஒரே ஒரு ஸ்பூன்டா ராசா, பாட்டிக்காக” என்று அம்மா ஊட்டினாள். பக்கத்து இலையில் நான் இருந்தேன். பார்த்தேன். என் வாயில் வடை இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உதடு வீங்கியது. கழுத்திலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. இருமினான். அப்புறம் மூச்சு விசில் அடிக்கிற மாதிரி வர ஆரம்பித்தது. “என்னங்க...” என்று என் மனைவி போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் “அப்பா” என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ராத்திரி முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை அந்த டாக்டர் எனக்கு எடுத்தது ஒரு பாடம். அதை என் கணக்கு பாஷையில் தருகிறேன்.

முதல் கணக்கு: அலர்ஜி. உடம்புக்கு ஒரு வாட்ச்மேன் இருக்கிறான். சில குழந்தைகளுக்கு அவன் பாலில் இருக்கும் புரதத்தைத் திருடன் என்று நினைத்துக்கொள்கிறான். ஒரு ஸ்பூன் வந்தாலும் விசில் ஊதி ஊரையே கூட்டிவிடுவான். தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் எல்லாம் அவன் செய்யும் ரகளை. இங்கே ‘கொஞ்சம்தானே’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாம் கணக்கு: என்னுடையது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என் குடலில் குறைச்சல். கவுன்ட்டரில் ஆள் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டு பேர் வந்தால் சமாளிக்கலாம். கூட்டம் வந்தால் கலாட்டா. அவஸ்தை உண்டு, உயிருக்கு ஆபத்தில்லை. அரை டம்ளர் காபி எனக்குப் பரவாயில்லை. லாக்டோஸ் குறைவு என்பதால் தயிரும் ஓ.கே. ஆனால் புரதம் தயிரிலும் இருக்கிறது. பையனுக்கு அதுவும் கூடாது.

மூன்றாம் கணக்கு: பிடிக்காது. வெண்டைக்காய், கீரை வகையறா. இதில் மிரட்டலும் வேண்டாம், விட்டுக்கொடுத்துவிடவும் வேண்டாம். திரும்பத் திரும்ப இலையில் கொஞ்சமாக வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அம்மாவின் ‘கொஞ்சம் கொஞ்சமா’ வைத்தியம் இரண்டாவது, மூன்றாவது கணக்குகளுக்குச் சரிதான். அதை முதல் கணக்கில் எழுதியதுதான் எங்கள் பிழை. ஒரு ஸ்பூன் பிழை.

இப்போது நான் கடையில் பிஸ்கட் பாக்கெட்டை ஆடிட்டர் மாதிரிதான் படிக்கிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் வருஷத்து லேபிள் விதிகள்படி பால், முட்டை, மீன், நண்டு-இறால் வகை, வேர்க்கடலை, முந்திரி-பாதாம் வகை, சோயா, கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள் இருந்தால் பாக்கெட்டில் தனியாகச் சொல்லியாக வேண்டும். கேசின், வே, மில்க் ஸாலிட்ஸ் என்று எந்த மாறுவேஷத்தில் வந்தாலும் அது பால்தான்.

பாக்கெட் பேசும். ஹோட்டல் பேசாது.

“தம்பி, இதுல பால் ஏதும் சேர்த்திருக்கா?”

“சேச்சே, பாலே கிடையாது ஸார்... வெறும் நெய்யும் பனீரும்தான்!”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? டிபன் பாக்ஸோடு ஹோட்டலுக்குப் போகும் ஒரே குடும்பம் நாங்கள்தான்.

பால் இல்லாவிட்டால் சத்து? தேங்காய்ப்பால் போதும் என்று நினைத்தேன். பேரில்தான் அது பால். புரதமும் கால்சியமும் அந்த அளவு இல்லை என்றார் டாக்டர். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறதாம். சரி, கேழ்வரகுப் புட்டு. முதல் நாள் தட்டு பறந்தது. மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தான். ஆறாம் தடவை நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தான். பதினோராம் தடவை, “இன்னும் கொஞ்சம்” என்றான். புது ருசி பழக எட்டுத் தடவை, பத்துத் தடவை, பதினைந்துகூட ஆகலாம் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். நாம்தான் மூன்றாவது தடவையே ‘இவனுக்கு இது ஆகாது’ என்று ஃபைலை மூடிவிடுகிறோம்.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இதற்கு ஒரு பாகப்பிரிவினை சொல்லியிருக்கிறார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெற்றவர்கள் இலாகா. எவ்வளவு, வேண்டுமா வேண்டாமா என்பது குழந்தையின் இலாகா. அதை ஏற்றுக்கொண்ட பிறகு எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் பானிபட் யுத்தம் மாதிரி இல்லை.

இன்னொன்று. பயந்துபோய் நாங்கள் வேர்க்கடலை, முட்டை, மீன் எல்லாவற்றையும் முதல் கணக்கில் தள்ளிவிட்டிருந்தோம். ‘வவுச்சர் எங்கே?’ என்று கேட்காத குறையாக டாக்டர் பரிசோதனை செய்தார். பால் மட்டும்தான். காரணமில்லாமல் ஒதுக்குவதும் தப்புதான் போலிருக்கிறது. லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்த ஆராய்ச்சி 2015இல் வெளிவந்தது. அலர்ஜி வர வாய்ப்புள்ள கைக்குழந்தைகளுக்கே வேர்க்கடலை உணவைச் சீக்கிரம் ஆரம்பித்துத் தொடர்ந்து கொடுத்ததில், ஐந்து வயதில் வேர்க்கடலை அலர்ஜி மிகவும் குறைந்திருந்தது. அதற்காக நீங்களே வீட்டில் பரீட்சை வைத்துவிடாதீர்கள். டாக்டரைக் கேட்டுத்தான் எதுவும்.

அம்மா? ஊருக்குத் திரும்பியதும் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் பால் காபியை நிறுத்திவிட்டாள். “அத்தை, உங்களுக்கு எதுக்கு இது?” என்று என் மனைவி கேட்டதற்கு, “அவன் மடியில வந்து உக்காருவாம்மா” என்று மட்டும் சொன்னாள். இன்றைக்கு எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவன் இலைக்குப் பக்கத்தில் நிற்கும் நிஜ வாட்ச்மேன் அவள்தான். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பால் அலர்ஜி வளர வளர விலகிவிடும் என்கிறார்கள். காத்திருக்கிறோம்.

போன வாரம் ஃப்ளாட்டில் ஒரு பிறந்த நாள் விழா. கேக்கை நீட்டிய அம்மாளிடம் என் பையனே கேட்டான்: “இதுல பால் இருக்கா ஆன்ட்டி?” எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பெருமை ராத்திரிவரைதான் நீடித்தது. தட்டில் கத்திரிக்காய் விழுந்ததும் துரை கையைக் கட்டிக்கொண்டார்.

“இது எனக்கு அலர்ஜிப்பா!”

“வாயைக் கடிக்குதாடா?” என்றேன். இந்தத் தடவை ஜோக் அடிக்கவில்லை. நிஜமாகவே கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். “இல்ல... சும்மா பிடிக்கல.”

மூன்றாம் கணக்கு! நாளைக்கு மறுபடி வைப்போம்.