உஷார்! தெளிந்த தண்ணீருக்குள் ஆர்செனிக்

ஆற்றுப் படுகையில் போர் போட்டுக் குடிப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாடை இல்லை, கரிப்பு இல்லை, குடித்த யாருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை. ஆகவே நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் வண்டல் கொட்டி உண்டாக்கிய வங்காள டெல்டாவிலும் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு இருந்தது. இன்றும் இருக்கிறது.

1970-கள் வரை அங்கே பெரும்பாலான கிராமங்களுக்குக் குளத்துத் தண்ணீர்தான். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. அதைத் தடுக்கத்தான் வங்கதேச அரசும் யுனிசெஃபும் ஊர் ஊராக அடிபம்பு இறக்கின. அந்த நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. இளகிய வண்டல் மண் என்பதால் ஒரே நாளில் குழாய் இறக்கிவிடலாம், செலவும் கொஞ்சம்தான். அரசு போட்டதைப் பார்த்துக் குடும்பங்களும் தாங்களாகவே போட்டுக்கொண்டன. இப்படிப் பல லட்சம் கிணறுகள். கிருமி இல்லாத தண்ணீர் கிடைத்ததே பெரிய காரியம் என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். ஆர்செனிக் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை.

1983-ல் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளைப் பார்த்து, அவர்கள் நோய்க்குக் காரணம் ஆர்செனிக் நஞ்சு என்று கண்டறிந்தார். யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988-லிருந்து கிராமம் கிராமமாகப் போய்த் தண்ணீரும் தலைமுடியும் நகமும் சேகரித்துச் சோதித்து, எச்சரித்துக்கொண்டே இருந்தார். 1993-ல் வங்கதேசத்தின் சாம்பாய் நவாப்கஞ்சிலும் கிணற்று நீரில் ஆர்செனிக் இருப்பது உறுதியானது. 1998-99-ல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்நாட்டில் 3,534 கிணறுகளைச் சோதித்தது. ஆழம் குறைந்த கிணறுகளில் நூற்றுக்கு 27, அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10 மைக்ரோகிராம்தான். மனித வரலாற்றில் இவ்வளவு பெரிய மக்கள்தொகை நஞ்சுக்கு ஆளானதில்லை என்று 2000-ல் அந்த நிறுவனத்தின் இதழிலேயே ஆலன் ஸ்மித் குழுவினர் எழுதினார்கள்.

எந்தத் தொழிற்சாலையும் கலந்துவிட்ட விஷம் அல்ல இது. இமயமலைப் பாறைகள் தேய்ந்து வண்டலாக வரும்போது, மணல் துகள்களின் மேல் படிந்த இரும்புத் துருவோடு ஆர்செனிக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறது. வண்டலோடு சேர்ந்து புதைந்த இலைதழைகளை நுண்ணுயிர்கள் தின்னும்போது பூமிக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. துரு கரைகிறது, ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. ஒரு வீட்டுக் கிணறு நஞ்சாக இருக்கும், கூப்பிடு தூரத்தில் இன்னொரு கிணறு சுத்தமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சோதித்துவிட்டார் என்பதை நம்பி நீங்கள் குடிக்க முடியாது.

உடம்பில் இது என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலில் எதுவும் தெரியாது. பல வருடங்கள் குடித்த பிறகு மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்த மாதிரி கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, சொரசொரப்பாகி, முடிச்சு முடிச்சாகக் கெட்டிப்படும். வெடித்தால் நாற்று நட முடியாது, நடக்கவே முடியாது. தொழுநோய் என்று பயந்து ஊரார் ஒதுக்குவார்கள். பெண்ணுக்கு வந்தால் கல்யாணம் தடைப்படும், கல்யாணமானவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் நடந்திருக்கிறது. தோலில் எதுவும் காட்டாமலே சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோயும் இதய நோயும் வரலாம். வங்கதேசத்தின் அராய்ஹஜாரில் 2000-லிருந்து சுமார் 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அங்கு நேர்ந்த சாவுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஆர்செனிக்கைக் காரணமாகக் கணக்கிட்டது. அதே வட்டாரத்தில் ஆர்செனிக் அதிகமுள்ள தண்ணீர் குடித்த குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். சிலியின் அன்டோஃபகாஸ்டா நகரில் 1958 முதல் 1970 வரை ஆர்செனிக் கலந்த குடிநீர் போனது. அதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அங்கே புற்றுநோய்ச் சாவுகள் அதிகமாகவே இருந்தன.

இது பழைய கதை, எப்போதோ சரிசெய்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். 1999-க்குப் பிறகு வங்கதேசத்தில் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்தார்கள். ஆகாதவற்றுக்குச் சிவப்பு, ஆகுமானவற்றுக்குப் பச்சை என்று பம்பின் மேலேயே பெயின்ட் அடித்தார்கள். சுமார் 14 லட்சம் பம்புகளுக்குச் சிவப்பு. நல்ல ஏற்பாடு அது. பலர் பச்சைப் பம்புக்கு மாறினார்கள். ஆனால் வெயிலிலும் மழையிலும் பெயின்ட் உரிந்துபோனது. அதற்குப் பிறகு இறக்கிய புதுக் கிணறுகளில் மிகப் பல எந்தச் சோதனையும் காணாதவை. ஆழத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று அரசு போட்ட கிணறுகள்கூட, அரசியல் செல்வாக்குள்ளவர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டதை 2016-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு அம்பலப்படுத்தியது. அப்போதும் சுமார் 2 கோடிப் பேர் வரம்பு மீறிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. நஞ்சு எங்கே என்று தெரிந்த பிறகும் ஜனங்களை அதையே குடிக்க விட்டது மன்னிக்க முடியாத குற்றம்.

கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள். போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட ஆர்செனிக் இன்னும் அடர்த்தியாகும். துணியில் வடிகட்டினாலும், மெழுகுவத்தி மாதிரி வடிகட்டி உள்ள ஃபில்டரில் ஊற்றினாலும், குளோரின் மட்டும் போட்டாலும் அது தண்ணீரிலேயே இருக்கும். ஆர்.ஓ. கருவி ஓரளவு நீக்கும். ஆனால் டெல்டா நிலத்தடியில் அதிகம் இருக்கும் ஆர்செனிக் வகையை அது முழுதாகப் பிடிப்பதில்லை. எனவே கருவிக்குள் போகும் தண்ணீரை மட்டுமல்லாமல், வெளியே வரும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். இந்தத் தண்ணீரைப் பாய்ச்சி விளைந்த நெல்லிலும் ஆர்செனிக் ஏறுகிறது. நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வேகவைத்துக் கஞ்சி வடித்தால் சோற்றில் அது குறையும். நஞ்சான தண்ணீரிலேயே உலை வைத்தால் கூடும்.

ஆழமாகப் போட்டால் தப்பித்துவிடலாம் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வங்காளத்தில் பல இடங்களில் 150 மீட்டருக்குக் கீழே நல்ல தண்ணீர் கிடைப்பது உண்மைதான். ஆனால் வியட்நாமின் மேகாங் டெல்டாவில் ஆழத்திலிருந்து அளவில்லாமல் இறைத்ததில் களிமண் அடுக்குகள் நசுங்கி, உள்ளே இருந்த ஆர்செனிக் ஆழ்கிணறுகளுக்கே வந்துவிட்டதை ஆய்வாளர்கள் 2013-ல் எடுத்துக்காட்டினார்கள்.

நம் காவிரி டெல்டாவின் கடலோரத்தில் வேறு தொல்லை: இறைக்க இறைக்க உப்பு நீர் உள்ளே ஏறுகிறது. உப்புக் கரிப்பை நாக்கே சொல்லிவிடும். ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் மூன்றையும் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக்கூடங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். வெறும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டிவிட்டு நல்ல தண்ணீர் என்று சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அந்த மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும். மைக்ரோகிராம் கணக்கிலுள்ள ஆர்செனிக் அதற்குத் தெரியவே தெரியாது. புதிதாக போர் போட்டால், குடிக்கத் தொடங்கும் முன்பே சோதியுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கு முறிவு மருந்து என்று நம்பிக்கையாக எதுவும் இல்லை. தண்ணீரை மாற்றுவதுதான் முதல் வைத்தியம். சீக்கிரம் மாற்றியவர்களுக்குத் தோல் புள்ளிகள் மெல்ல மங்குவதும் உண்டு. தமிழ்நாட்டு மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் எத்தனையோ பேர் கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் இங்கே வந்திருக்கிறார்கள். வேலூருக்கு வைத்தியத்துக்கென்றே வங்காளக் குடும்பங்கள் வருகின்றன. அவர்களில் ஒருவர் தடித்த உள்ளங்கையைக் காட்டினால், வேலையால் வந்த காய்ப்பு என்று களிம்பு எழுதிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். உள்ளங்காலையும் மார்பையும் பாருங்கள். ஊரில் எந்தக் கிணற்றுத் தண்ணீரை எத்தனை வருடம் குடித்தார், அங்கே இன்னும் யார் யார் அதைக் குடிக்கிறார்கள் என்று கேளுங்கள்.