பாஸ்கல் விதியும் கிளட்ச் சிலிண்டரும்

பாஸ்கல் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுவோர் நம்முள் பலர். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623-1662) கூறிய அவ்விதி, என் தந்தையார் ஓட்டும் சரக்கு வேனின் கிளட்ச் பெடலுக்கு அடியில் அன்றாடம் உழைக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்குக் கட்டணம் கட்டுவதும் அந்த வேன்தான்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. திரவம் மெல்லிய குழாய் வழியே கியர்பாக்ஸ் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டரை அடைந்து அதன் பிஸ்டனைத் தள்ள, அது ஃபோர்க்கை நகர்த்தி, ரிலீஸ் பேரிங் மூலம் கிளட்சை விடுவிக்கிறது. இதற்குள் கசிவைத் தடுத்து நிற்பது ஒரு சிறு ரப்பர் கப் மட்டுமே!

அந்தக் கப் கிழிந்தால் திரவ மட்டம் இறங்கும், பெடல் தரையோடு ஒட்டும், கியர் விழாது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் தெரியும். எங்கும் ஈரமில்லாமல் பெடல் மட்டும் மெல்ல இறங்கினால், குற்றவாளி பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டராக இருக்கும்.

கப்பை மட்டும் மாற்றும் 'கிட்' மலிவு. ஆனால் பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரத்தால் இரும்புச் சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால், புதுக் கப்பும் விரைவில் கிழியும். எங்கள் வண்டியில் குழிகள் விரல் நகத்திலேயே தட்டுப்பட்டன. எனவே முழுச் சிலிண்டரையும் மாற்றவேண்டியதாயிற்று.

வண்டிக் கம்பெனியின் பாகம் கிடைக்க நான்கு நாள் ஆகும் என்றார்கள். வண்டி நின்றால் வருமானமும் நிற்கும் அல்லவா? ஒரு கடைக்காரர், "இது அப்படியே பொருந்தும்" என்று வெளிச்சந்தைப் பாகம் ஒன்றைப் பாதி விலைக்குக் கொடுத்தார். பொருந்தவும் செய்தது. போல்ட் துளைகள் சரி, குழாய் மரை சரி. பெடல்கூட முன்னைவிட லேசாக இருப்பதாக மெக்கானிக் அண்ணன் மகிழ்ந்தார். ஆனால் ரிவர்ஸ் போட்டால் 'கரகர'வென்று கடித்தது. மூன்று முறை ஏர் எடுத்தும் பயனில்லை.

எனக்கு அந்த லேசான பெடல் மீதே ஐயம் எழுந்தது. பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் காலிபரை இரவல் வாங்கி, இரண்டு சிலிண்டர்களின் உள்விட்டத்தையும் அளந்தோம். பழையது 19.1 மி.மீ.; புதியது 20.6 மி.மீ. ஒன்றரை மில்லிமீட்டர் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். பரப்பு விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அன்றோ மாறும்! கணக்கிட்டால் பரப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுகிறது. விசையும் அவ்வளவே கூடுகிறது. ஆகவே பெடல் லேசாகிறது. ஆனால் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் திரவத்தின் கன அளவு மாறவில்லை. எனவே பழையதில் பிஸ்டன் 17 மி.மீ. நகர்ந்தால் புதியதில் 14.6 மி.மீ.தான் நகரும். கிளட்ச் பாதி விடுபட்டு, பாதி உரசிக்கொண்டே நிற்கும். விசையில் பெறும் ஆதாயத்தைத் தூரத்தில் இழந்தே தீரவேண்டும்.

இதனால் வெளிச்சந்தைப் பாகமெல்லாம் கூடாது என்பது என் கருத்தன்று. வண்டிக் கம்பெனிக்குப் பாகம் செய்து தருவோரே தம் சொந்தப் பெட்டியிலும் அதை விற்பதுண்டு. அது கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பாக எண்ணையும் உள்விட்டத்தையும் பழையதோடு ஒப்பிடாமல் வாங்குவதுதான் ஆபத்து. கடைக்காரர், "திரவம் பட்ட பொருளைத் திரும்ப எடுக்கமாட்டேன்" என்றார். அளவுகளைத் தாளில் எழுதிக் காட்டிய பின் முணுமுணுத்துக்கொண்டே 19.1 மி.மீ. சிலிண்டரை எடுத்துக் கொடுத்தார்.

பொருத்திய பின் கவனிக்கவேண்டியவை இரண்டு. திரவக் கலத்தின் மூடியில் குறிப்பிட்ட வகைப் பிரேக் திரவத்தையே ஊற்றவேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினால் இவ்வகைக் கப்புகள் ஊதிக் கெட்டுவிடும். மற்றது ஏர் எடுத்தல். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும்; ஒரு குமிழி உள்ளே இருந்தாலும் மிதிப்பதில் ஒரு பகுதி அதை நசுக்குவதிலேயே வீணாகும். அப்பா பெடலில் அமர, நான் அடியில் படுத்து, "மிதிங்கப்பா, அப்படியே பிடிங்க" என்றதும் நிப்பிளைத் திறப்பேன். அதை மூடிய பிறகே, "விடுங்க" என்பேன். வரிசை மாறினால் அது காற்றைத் திரும்ப உறிஞ்சிவிடும். எட்டாம் முறை குமிழி நின்றது. ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்தது.