ஆறு வயதுக்கு முன் ஆடுகளம் இல்லை

புது தில்லி: ஆறு வயது நிரம்பிய குழந்தை பயிலும் பள்ளியில் விளையாட்டுத் திடல் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆறு வயது நிரம்பாத குழந்தைக்கு அத்தகைய பாதுகாப்பு ஏதும் இல்லை. ஓடவும் தாவவும் ஏறவும் உடல் பழகும் பருவமோ அந்த ஆறு ஆண்டுகள்தாம்.

2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கு முந்தைய பருவத்தின் பராமரிப்பும் கல்வியும் 45-ஆவது பிரிவில் வெறும் வழிகாட்டு நெறியாக நின்றுவிட்டன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், 3 முதல் 6 வயதினருக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்றே கூறுகிறது.

இந்த இடைவெளியை நிரப்புபவை அங்கன்வாடிகள். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், ஏறத்தாழ 14 லட்சம் மையங்களாக விரிந்துள்ளது. உணவு உரிமை வழக்கில் 2001-லும் 2006-லும் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகள் இதற்குப் பெரிதும் காரணம். அதனாலேயே மையங்களைப் பற்றிய விவாதமும் பெரும்பாலும் உணவு, எடை ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது.

உணவின் முதன்மையில் ஐயமில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உள்பட்டோரில் 35.5 சதவீதத்தினருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 67.1 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. சோர்ந்த குழந்தை ஓடாது. ஆனால், வயிறு நிறைந்த குழந்தைக்கும் ஓட இடம் வேண்டும். 3, 4 வயதினருக்கு நாளொன்றுக்கு 3 மணி நேர உடலியக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. தில்லியின் நெரிசல் மிகுந்த குடியிருப்புகளில், வாடகை அறைகளில் இயங்கும் மையங்களில் அதற்கு இடமேது?

மத்திய அரசு 2024-இல் வெளியிட்ட 'ஆதார்ஷிலா' பாடத்திட்டம் விளையாட்டுவழிக் கற்றலை வலியுறுத்துகிறது. களிமண் பிசைதல், மணி கோத்தல், தரையில் வரைந்த கோட்டின் மேல் நடத்தல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. விரல் தசைகள் இவ்வாறு வலுப்பெற்ற பின்னரே பென்சில் கையில் நிற்கும். எனினும், உடனிருந்து கவனிக்க ஆள் வேண்டும். ஊட்டச்சத்து விநியோகம், எடை பார்த்தல், பதிவேடு, வீடுகளுக்குச் செல்லுதல் என அனைத்தும் ஓர் ஊழியர், ஓர் உதவியாளர் தலையில் விழுகின்றன. ஊழியருக்கான மத்திய அரசின் மதிப்பூதியம் 2018-இல்தான் 4,500 ரூபாயாக உயர்ந்தது.

பாடத்திட்டம் வந்துவிட்டது, இடமும் ஆளும் வரவில்லை. சட்டத்தில் உள்ள 'செய்யலாம்' என்ற சொல் 'செய்ய வேண்டும்' என மாறினால்தான் அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை பெற்றோருக்குக் கிடைக்கும்.