பாயில் இல்லாத பெயர்

கல்யாண வீட்டுச் சீர்வரிசையில் மணமக்களின் பெயர் போட்ட பாயைப் பார்த்திருக்கிறீர்களா? நம் நெல்லைச் சீமையில் அதற்குப் பேர் போன ஊர் பத்தமடை.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் இருக்கிறது இந்த ஊர். இங்கே தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்பவர்கள் லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர். பெண்கள்தான் அதிகம். சமையல், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே, வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறார்கள். அந்த வருமானம் குடும்பத்துக்குக் கை கொடுக்கிறது.

பாய் எப்படி உருவாகிறது தெரியுமா? ஆற்றங்கரையில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, பிளந்து, காய வைப்பார்கள். பிறகு ஓடும் தண்ணீரில் சில நாட்கள் ஊறப் போடுவார்கள். கோரை நன்றாக உப்பிவிடும். மறுபடி காய வைத்து, நூல் போல மெல்லியதாகக் கிழித்து, சாயம் ஏற்றுவார்கள். பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, கோரையை ஒவ்வொன்றாக ஊடே செலுத்தி, அச்சால் இறுக்குவார்கள். உயர்ந்த ரகப் பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதைத் துணி போல மடித்து வைக்கலாம். அதனால்தான் அதைப் 'பட்டுப் பாய்' என்கிறார்கள்!

நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு மாணவியின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா ஒரு இந்து மணமக்களின் பெயரை நெய்துகொண்டிருந்தார். ஓர் எழுத்துக் கோணலாகிவிட்டது. உடனே அத்தனையையும் பிரித்து மறுபடி நெய்தார். அந்த மணமக்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது. புதிதாக வாழப் போகிறவர்களின் பெயர் பிசகக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை.

பத்தமடைப் பாய்க்கு 2012-13ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வேறு ஊர்ப் பாய்க்கு வைத்து விற்க முடியாது. ஊருக்கே பெருமைதான்! ஆனாலும் விலை மலிவான பிளாஸ்டிக் பாய்கள் கடைகளை நிரப்பிவிட்டன. உழைப்புக்கு ஏற்ற கூலி கிடைக்காததால் பலர் தறியை விட்டுவிட்டார்கள். நாம் வாங்காவிட்டால் இந்தக் கலை எப்படிப் பிழைக்கும்?

கல்யாணப் பாயில் இரண்டு பெயர்கள் இருக்கும். நெய்தவரின் பெயர் இருக்காது. அடுத்த முறை அப்படி ஒரு பாயில் உட்காரும்போது, அந்த அம்மாவையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் புதுப் பாய் வாங்கும்போது, "பத்தமடைப் பாய் வாங்கலாமே" என்று அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?