அகன்ற திரையும் அதனுள் அடங்கிய கணிப்பொறியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சென்று, கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் பொன்முடி. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். மூடுபனியைக் காண்பதற்கென்றே வெளியூர் மக்கள் அங்கு வருகிறார்கள். அங்கேயே குடியிருப்பவர்களுக்கோ மூடுபனி என்பது துணி உலராத தொல்லை. அவ்வூர்த் தேயிலைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் கொழுந்து கிள்ளி ஓய்வுபெற்றவர் என் தமக்கையார். தமக்குக் கிடைத்த கிராஜுவிட்டித் தொகையில் ஒரு பகுதியை மகனுக்குக் கணிப்பொறி வாங்கக் கொடுப்பதென்று அவர் முடிவு செய்தார். என்னிடம் தொலைபேசியில் சொன்னது இவ்வளவே: "தம்பி, போன பணம் திரும்பி வராது. நீதான் பார்த்துச் சொல்லணும்."

மருமகன் விதுராவில் சிறு கடை ஒன்று வைத்திருக்கிறான். திருமண ஆல்பங்களும், தமிழ், மலையாள அழைப்பிதழ்களும் வடிவமைத்துக் கொடுப்பது அவன் தொழில். அவன் மனத்தைக் கவர்ந்திருந்தது ஆப்பிள் நிறுவனத்தாரின் 24 அங்குல ஐமேக். 2024 அக்டோபர் இறுதியில் எம்4 சில்லுடன் அது அறிவிக்கப்பட்டபோது இந்தியாவில் அதன் தொடக்க விலை ரூ. 1,34,900. "மாமா, திரையைப் பாருங்க, அச்சடிச்ச தாள் மாதிரி இருக்கு" என்றான். நான் கணிப்பொறி வல்லுநன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, மைய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். நாளெல்லாம் திரையையே நோக்கிக்கொண்டிருப்பவன் என்ற ஒரு தகுதியால்தான் என் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. அதன்பொருட்டு நான் விசாரித்து அறிந்தவற்றை நேயர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

கடைக்காரர்கள் 'ஆல் இன் ஒன்' என்று கூறும் இவ்வகைக் கணிப்பொறியில் தனிப் பெட்டி கிடையாது. செயலி, நினைவகம், சேமிப்பகம், ஒலிபெருக்கி யாவும் திரையின் முதுகிலேயே அடங்கிவிடும். கருத்து புதியதன்று. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் 9 அங்குலத் திரையுடன் ஓருடலாய் அமைந்ததே. 1998-இல் ஒளி ஊடுருவும் நீலநிற உடலுடன் முதல் ஐமேக் வந்தபோது, பிளாப்பி செருக இடமில்லையே என்று பலர் குறைகூறினர். சில ஆண்டுகளில் பிளாப்பியே வழக்கொழிந்து போயிற்று. எனவே புதுக் கருவி வந்தவுடன் எழும் முணுமுணுப்பு முழுவதையும் நம்பிவிடலாகாது. ஆயினும் பெருந்திரைக் கணிப்பொறிகளின்மீது எழுந்த முணுமுணுப்பில் ஒரு பகுதி காலத்தால் பொய்க்கவில்லை. நாளாக ஆக வலுப்பெற்றே வந்திருக்கிறது. அது என்ன என்பதைக் காண்போம்.

2009 அக்டோபரில் 27 அங்குல ஐமேக் வெளியாயிற்று. அதன் அகலத்தைக் கண்டு வியந்தவர் பலர். மூலத்தை ஒரு பக்கமும் மொழிபெயர்ப்பை மறுபக்கமும் முழு அளவில் விரித்து வைத்துக்கொள்ளலாம் என்றால் என்போன்றோர்க்கு அது எத்தகைய சௌகரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குறைகளும் உடனே எழுந்தன. திரையில் மஞ்சள் சாயல் படிகிறது என்றனர் சிலர். படம் துடிக்கிறது என்றனர் சிலர். பெட்டியைத் திறந்தபோதே கண்ணாடி விரிசலுற்றிருந்தது என்று முறையிட்டவர்களும் உண்டு. துடிப்பை நீக்க நிறுவனத்தார் மென்பொருள் திருத்தம் வெளியிட்டனர். இவ்வளவு பேச்சிடையே ஒரு நல்ல அமைப்பு அதிகம் பேசப்படவில்லை. வேறொரு கணிப்பொறியின் படத்தை ஒரு வடத்தின் மூலம் அந்தத் திரைக்குக் கொண்டுவரலாம் என்பதே அது. உள்ளிருக்கும் கணிப்பொறி கிழமுற்றாலும் திரையைப் பயன்படுத்திக்கொள்ள அஃது ஒரு வழி.

2014 அக்டோபரில் அந்த வழி அடைபட்டது. அப்போது வந்த 27 அங்குல ஐமேக்கின் திரையில் குறுக்கே 5,120, நெடுக்கே 2,880 படப்புள்ளிகள். பெருக்கினால் சற்றேறக்குறைய 1 கோடியே 47 லட்சம். முந்தைய திரையைப்போல் சரியாக நான்கு மடங்கு. விலை 2,499 டாலர். அதற்கு முந்தைய மாதந்தான் டெல் நிறுவனத்தார் இதே நுண்மையுள்ள தனித் திரை ஒன்றை ஏறக்குறைய 2,500 டாலருக்கு அறிவித்திருந்தனர். ஆதலால், திரைக்கு விலை கொடுத்தால் கணிப்பொறி இனாம் என்று மக்கள் பேசிக்கொண்டனர். பேச்சு நியாயமானதே. ஆனால் அவ்வளவு புள்ளிகளை நொடிக்கு 60 முறை கொண்டுசெல்ல அக்காலத்து ஒற்றை வடத்துக்கு இயலவில்லை. டெல் நிறுவனத்தார் இரு வடங்களை இணைத்து ஒப்பேற்றினர். ஐமேக்கிலோ உட்புறத்தில் தனி ஏற்பாடு செய்து படத்தைத் திரைக்கு அனுப்பினர். வெளியிலிருந்து படம் புகும் வாயில் இல்லாமற் போயிற்று.

இவ்வளவு புள்ளிகள் எதற்கு என்று கேட்கலாம். தமிழ் படிப்பவன் என்ற முறையில் இதற்கு மட்டும் நான் சற்று விரிவாகவே விடை சொல்வேன்.

திரையின் அளவு வேறு, நுண்மை வேறு. அலுவலகங்களுக்கு வரும் 24 அங்குலத் திரைகள் பலவற்றில் குறுக்கே 1,920 புள்ளிகளே உண்டு. அங்குலத்துக்கு 92 ஆகிறது. அதே எண்ணிக்கையை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகக் குறைந்துவிடும். பெரிதாய்த் தோன்றுமே தவிர, எழுத்துகளின் விளிம்பு பிசிறடிக்கும். மேற்சொன்ன 27 அங்குல ஐமேக்கிலும், இன்றைய 24 அங்குல ஐமேக்கிலும் அங்குலத்துக்கு 218 புள்ளிகள். அச்சுநூலில் வழங்கும் 10 பாயிண்டு எழுத்தை அதே அளவில் திரையில் காட்டினால், முதல் வகையில் அதன் உயரத்துக்குக் கிடைப்பவை 13 புள்ளிகள். இரண்டாம் வகையில் 30. அந்தப் பதின்மூன்றுக்குள் எழுத்தின் உடலும், மேலே கொக்கியும், கீழே சுழியும், தலையில் மெய்ப்புள்ளியும் அடங்கியாக வேண்டும். இரு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் அங்கே ஒன்றுபோலவே கறுத்துக் கிடக்கும். 'ர' என்னும் எழுத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு அடியில் ஒரு சாய்கோடுதானே. அது கண்ணுக்கு எட்டாது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்வையிட்டு அனுப்பிய ஓர் அறிவிக்கையில் 'பணிக்காலம்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'பனிக்காலம்' என்று அச்சாகிவிட்டது. அதிகாரி ஒருவரின் பனிக்காலம் மூன்றாண்டு நீட்டிக்கப்பட்டதாகப் படித்தவர்கள் எல்லாம், அவரைப் பொன்முடிக்கு மாற்றிவிட்டார்களா என்று என்னைக் கேட்டார்கள். தவறு என்னுடையதே. வெள்ளெழுத்து தொடங்கிய கண்ணும் மங்கிய திரையும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். ஆங்கிலம் ஒன்றையே படிப்பவர்கள் நுண்திரையை ஓர் ஆடம்பரம் என்று கருதினால் கருதட்டும். சுழிகளும் புள்ளிகளும் நிறைந்த எழுத்துடையோர்க்கு அது மூக்குக்கண்ணாடி போன்றது. மருமகன் திரையைப் பார்த்து மயங்கியதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை. அழைப்பிதழில் மணமகன் பெயரில் ஒரு சுழி குறைந்தால் 500 பிரதிகளையும் தன் செலவில் மறுபடி அச்சிட்டுத் தர வேண்டியவன் அவனல்லவா?

திரை நல்லது என்றாயிற்று. ஆனால் அது யாரோடு கட்டுண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல திரை பத்தாண்டுகளுக்கு மேலும் உழைக்கும். அதனுள் இருக்கும் கணிப்பொறிக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. கெட்டுப்போவதற்கு முன்பே அது காலாவதியாகிவிடும். 2014-ஆம் ஆண்டு ஐமேக்குக்கு 2021-இல் வந்த மேக் இயங்குதளம் கிடைக்கவில்லை. விண்டோஸ் உலகிலும் இதே கதைதான். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றன. இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை, ஒரு சில நீங்கலாக, விண்டோஸ் 11 ஏற்பதில்லை.

மைய அரசு அலுவலகங்கள் 2016 முதல் ஜெம் என்னும் அரசு மின்சந்தை வழியாகப் பொருள்களை வாங்கி வருகின்றன. அதில் ஆல் இன் ஒன் கணிப்பொறிகளுக்கெனத் தனிப் பிரிவே உண்டு. நான் முன்னர்ப் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் அத்தகைய கணிப்பொறிகள் ஐந்து இருந்தன. மேசையில் இடம் அடைக்கவில்லை, பார்வைக்கும் அழகு என்று எல்லோரும் மகிழ்ந்தோம். இன்று அவை ஐந்தும் பழைய கோப்புகள் வைக்கும் அறையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. திரைகளில் ஒரு கீறல் இல்லை, நிறம் மாறவில்லை. உள்ளிருக்கும் செயலிகள்தாம் பழையன. வெளியிலிருந்து படம் வாங்கும் வாயில் இல்லாமையால் திரைகளும் அவற்றோடு ஓய்வுபெற்றுவிட்டன. தனித் திரையாக இருந்திருந்தால் பெட்டியை மட்டும் மாற்றியிருப்போம்.

சில ஆல் இன் ஒன் கணிப்பொறிகளில் இந்த வாயில் உண்டு. ஆனால் எச்.டி.எம்.ஐ. துளை ஒன்றிருப்பதைக் கண்டு திருப்தியடைந்துவிடக் கூடாது. படம் வெளியே போகும் துளையும், படம் உள்ளே வரும் துளையும் உருவத்தில் ஒன்றே. எது எது என்று கடைக்காரரைக் கேட்டு, அவர் வாக்கை நம்பாமல் விவரச் சீட்டையும் படித்துப் பார்ப்பது நலம். பழைய ஐமேக்கின் திரையைக் கழற்றிப் புதிய கட்டுப்பாட்டுப் பலகை பொருத்தித் தனித் திரையாக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். 2012 முதல் முன்கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டு வருவதால் அது கைதேர்ந்தவர் செய்யும் வேலை. விதுராவில் செய்து பார்க்கத் தக்கதன்று.

2021 ஏப்ரலில் 24 அங்குல ஐமேக் ஏழு நிறங்களில் வந்தது, கனம் 11.5 மில்லிமீட்டர்தான். திரைக்குக் கீழுள்ள அகன்ற பட்டையை 'மோவாய்' என்று கேலி செய்து எழுதாதவர் இல்லை. என் வரையில் மோவாய் எப்படியிருந்தால் என்ன? நினைவகத்தைப் பின்னாளில் கூட்ட முடியாது, வாங்கும்போது கொண்டதே கொண்டது என்ற செய்திக்கல்லவா அவ்வளவு கூச்சலும் எழுந்திருக்க வேண்டும்! 2022 மார்ச்சில் 27 அங்குல ஐமேக்கின் விற்பனையை நிறுவனத்தார் நிறுத்தினர். புதியது வரும் என்று காத்திருந்தவர்கள், அவ்வெண்ணமே இல்லை என்று 2023 நவம்பரில் வந்த பதிலால் ஏமாந்தனர். ஐமேக்கை நிறுத்திய அதே மாதத்தில், அதற்கீடாக அதே நுண்மையுள்ள 27 அங்குலத் தனித் திரையை வெளியிட்டனர். இந்திய விலை ரூ. 1,59,900.

என் அறிவுரை தடுமாறிய இடம் இதுவே. திரை மட்டும் ரூ. 1,59,900, திரையும் கணிப்பொறியும் சேர்ந்து ரூ. 1,34,900. பிரித்து வாங்கு என்று எந்த முகத்தோடு சொல்வது? "கணக்கைப் பாருங்க மாமா" என்று மருமகன் சிரித்தான். தீர்வு நடுவில் கிடைத்தது. குறுக்கே 3,840 புள்ளிகளுள்ள 27 அங்குலத் தனித் திரைகள் பல நிறுவனங்களாரால் விற்கப்படுகின்றன. அங்குலத்துக்கு 163 புள்ளிகள். விலையோ அதனினும் மிகமிகக் குறைவு. 218-க்கு அது ஈடாகாது. ஆனால் மூன்று சுழியை எண்ணிவிடலாம். எம்4 சில்லுள்ள மேக் மினி என்னும் சிறு பெட்டி 2024-இல் ரூ. 59,900-க்கு வந்தது. இரண்டையும் கூட்டினாலும் கையில் பணம் மிஞ்சும்.

மலையின் இயல்பையும் எண்ணிப் பார்த்தோம். ஐப்பசியிலும் சித்திரையிலும் மாலைதோறும் இடி. மின்சாரம் நின்றால் மடிக்கணிப்பொறிக்குத் தன் மின்கலம் உண்டு. மேசைக் கணிப்பொறிக்கு, அது எந்த வகையினதாயினும், யு.பி.எஸ். இன்றி நாதியில்லை. இடி தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதிலும் வேறுபாடில்லை. பழுது பார்க்கும்போதுதான் வேறுபாடு. ஆல் இன் ஒன் என்றால் திரையோடு முழுவதையும் துணியில் சுற்றிப் பேருந்தில் நகரத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்; அது திரும்பி வரும்வரை கடை மூடியிருக்கும். சிறு பெட்டியை ஒரு பையில் போட்டுக்கொண்டு போகலாம். இரவல் கணிப்பொறி ஒன்றை அதே திரையில் இணைத்து வேலையை நடத்தலாம்.

தமக்கையார் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடையில் அந்தத் திரையை இயக்கிக் காட்டியபோது, விலையைக் கேட்கவில்லை; அருகில் சென்று, மாதிரிக்காக வைத்திருந்த அழைப்பிதழை எழுத்தெழுத்தாகப் படித்தார். "கண்ணாடி போடாமலே தெரியுதே" என்றார். மிஞ்சிய தொகையில் ஒரு யு.பி.எஸ். வாங்கப்பட்டது, எஞ்சியதை அவரே அஞ்சலகத்தில் போட்டுவந்தார். மேசைக்கடியில் ஒயர்கள் பின்னிக் கிடப்பதுதான் மருமகனுக்கு இன்றும் குறை.