பாதி வழியில் சுருதி பார்த்தல்

சிராங்கூன் சாலையின் நண்பகல் வெயிலிலிருந்து குளிரூட்டப்பட்ட அரங்கு ஒன்றுக்குள் ஒரு மிருதங்கம் வந்து சேர்கிறது. கச்சேரி தொடங்குவதற்கு முன்பே கலைஞர் அதற்குச் சுருதி சேர்த்துவிடுகிறார். பாடகர் இரண்டு பாடல்களைப் பாடி முடிக்கிறார். மூன்றாவது பாடலுக்கு முன் மிருதங்கக் கலைஞர் சிறிய கல்லையும் மரக்கட்டையையும் எடுத்து, வலந்தலையின் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டுகிறார். உள்நோக்கித் தட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். எதிர்ப்பக்கமாகத் தட்டினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். தம்புராவின் ஒலியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர் தலையசைக்கிறார். அடுத்த பாடல் தொடங்குகிறது.

சுருதி ஏன் மாறியது? மிருதங்கத்தின் முகம் தோலால் ஆனது. காற்றில் ஈரம் மிகுந்தால் தோல் நெகிழும். குளிரூட்டப்பட்ட அறையின் வறண்ட காற்றில் அது இறுகும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து அரங்குக்குள் வரும் எந்தத் தோல் கருவியும் சற்று நேரத்தில் மாறத்தான் செய்யும். இதைப் பார்த்து அவையில் இருப்பவர்கள் எவரும் முகம் சுளிப்பதில்லை. கலைஞரும் வெட்கப்படுவதில்லை. நடுவில் சுருதி பார்ப்பது கச்சேரியின் ஒரு பகுதி.

வியப்பு என்னவென்றால், கருவிக்கு இவ்வளவு இயல்பாகச் சுருதி பார்க்கும் கலைஞர்களே தங்கள் புத்தாண்டுத் தீர்மானங்களை மட்டும் டிசம்பர் மாதம்வரை திரும்பிப் பார்க்காமல் இருந்துவிடுவதுண்டு. நாள்தோறும் சாதகம் செய்வது, புதிய ராகம் ஒன்றைக் கற்பது, சொந்தமாக ஒரு மெட்டு அமைப்பது, நேரத்தோடு உறங்குவது என்று ஜனவரி மாதத்தில் எழுதி வைக்கிறார்கள். சூழ்நிலை மாறுகிறது. தீர்மானம் மட்டும் எழுதிய இடத்திலேயே கிடக்கிறது. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளிலும் உயர்நிலைப்பள்ளிகளிலும் 2023ஆம் ஆண்டு முதல் அரையாண்டுத் தேர்வுகள் இல்லை. ஆனால், தனக்குத் தானே செய்துகொள்ளும் அரையாண்டு மறுபார்வைக்கு இன்னும் தேவை இருக்கிறது. அதில் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி, தோல்வி என்பதும் கிடையாது.

ஓர் இசைக்கலைஞரின் தீர்மானங்கள் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கு நல்ல சான்று ஒன்று கிடைத்திருக்கிறது. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரி 1943ஆம் ஆண்டுப் புத்தாண்டையொட்டித் தம் குறிப்பேட்டில் 33 தீர்மானங்களை எண்ணிட்டு எழுதினார். அப்போது அவருக்கு வயது 30. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது; சிங்கப்பூர் அந்நேரம் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. பட்டியலின் ஓரத்தில் அவர் சிறு சிறு கேலிச் சித்திரங்களும் வரைந்திருக்கிறார்.

பட்டியலைப் படிப்பவர்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். நேரம் வகுத்து வேலை செய்வது, பல் துலக்குவது, சவரம் செய்துகொள்வது, குளிப்பது, நல்ல உணவு உண்பது, மதுவைக் குறைப்பது என்று அது போகிறது. அதன் நடுவே, நாளுக்கு ஒரு பாட்டு எழுதுவது என்ற தீர்மானம் அமர்ந்திருக்கிறது. அதையடுத்துச் சுத்தமான உடை, காலணி, காலுறை பற்றிய தீர்மானங்கள்! இன்னும் சற்றுக் கீழே நல்ல நூல்களைப் படிப்பது, மனிதர்களைப் புரிந்துகொள்வது, பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புவது, நம்பிக்கை இழக்காமல் இருப்பது ஆகியவை வருகின்றன.

காலுறையையும் பாட்டையும் ஒரே பட்டியலில் வைத்ததை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. இசைக்கலைஞருக்கு உடல்தான் முதல் கருவி. இரவெல்லாம் விழித்திருந்த பாடகரின் குரல் மறுநாள் காலையில் மேல் ஸ்தாயியை எட்டாது. சரியாகச் சாப்பிடாத நாகஸ்வரக் கலைஞருக்கு மூச்சு நிற்காது. வீட்டில் பணக்கவலை இருந்தால் மெட்டு எளிதில் பிறக்காது. ஆகவே, சொந்த வாழ்க்கைத் தீர்மானம் வேறு, படைப்புத் தீர்மானம் வேறு என்று கத்ரி பிரிக்காமல் விட்டது சரியென்றே தோன்றுகிறது.

அந்தப் பட்டியலை ஜூன் மாதத்தில் எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். காலுறை மாற்றினோமா என்ற கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று உடனே சொல்லிவிடலாம். நாளுக்கு ஒரு பாட்டு என்பதையும் எண்ணிவிடலாம். ஜூன் மாத இறுதிக்குள் 181 பாடல்கள் இருக்கவேண்டும். ஆனால், இன்னும் நன்றாக வேலை செய்வது என்ற முதல் தீர்மானத்துக்கு எப்படிப் பதில் சொல்வது? எது ‘நன்று’ என்பதை ஜனவரி மாதத்தில் வரையறுக்கவில்லை என்றால் ஜூன் மாதத்தில் அளக்க வழியில்லை. விருப்பத்துக்கும் தீர்மானத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. கத்ரி விட்டுச் சென்ற பாடல் வரிகள் ஏறத்தாழ 3,000 என்று சொல்லப்படுகிறது. நாளுக்கு ஒன்று என்று கணக்கிட்டால் எட்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் எழுதியதற்குச் சமம் அது. ஒரு வாழ்நாளில் அவ்வளவு எழுதியவருக்கும் குளிக்க வேண்டும் என்று தமக்குத் தாமே நினைவூட்டிக்கொள்ளத் தேவை இருந்தது.

கத்ரியின் பட்டியல் புத்தாண்டில் எழுதப்பட்டது. ஜாஸ் இசைக்கலைஞர் சன்னி ராலின்ஸ் புத்தாண்டுக்காகக் காத்திருக்கவில்லை. சாக்ஸஃபோன் வாசிப்பில் அவர் இருபது வயதுகளிலேயே பெரும்புகழ் பெற்றவர். ஆனால், மக்கள் எதிர்பார்க்கும் அளவுக்குத் தாம் வாசிக்கவில்லை என்ற குறை அவர் மனத்தை அரித்தது. 1959ஆம் ஆண்டில் அவர் மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டுச் சாதகத்தில் இறங்கினார். குறிப்பேடுகளில் எழுதவும் தொடங்கினார். மூச்சு, விரலசைவு, பயிற்சிமுறை, உடல்நலம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட அறிவுரைகள் அவற்றில் இருக்கின்றன. அந்தக் குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்ட நூல் 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. நியூயார்க்கில் அவர் குடியிருந்தது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில். சாக்ஸஃபோனின் ஒலி பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று அவர் தயங்கினார். அருகில் வில்லியம்ஸ்பர்க் பாலம் இருந்தது. ரயில்களும் கார்களும் மேலே ஓட, கப்பல்கள் கீழே போகும் இடம் அது. அங்கே எவ்வளவு உரக்க வாசித்தாலும் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். வெயிலிலும் குளிரிலும் அங்கே போய் மணிக்கணக்கில் வாசித்தார். 1961ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மேடைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய இசைத்தொகுப்பின் பெயர் ‘பாலம்’ என்றே பொருள்படும்.

இது நமக்குத் தூரத்துக் கதை அன்று. சிங்கப்பூரில் பெரும்பாலோர் வாழ்வது வீவக அடுக்குமாடி வீடுகளில். மாலையில் வேலையோ பள்ளியோ முடிந்து, வீட்டுப்பாடமும் முடித்து, வயலினைக் கையில் எடுக்கும்போது இரவு மணி பத்தாகிவிடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை தூங்குகிறது. நாள்தோறும் ஒரு மணி நேரச் சாதகம் என்ற தீர்மானம் பிப்ரவரி மாதத்திலேயே நின்றுபோனால், அதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? இடமும் நேரமும் காரணமாக இருக்கலாம். அப்படியானால் மாற்ற வேண்டியது அவற்றைத்தான். வயலினுக்கு ஒலியடக்கி பொருத்தலாம். மின்விசைப் பலகையைக் காதணி ஒலிப்பானோடு வாசிக்கலாம். மிருதங்கம் பயில்பவர் சொற்கட்டுகளை வாயால் சொல்லித் தாளம் போட்டுப் பழகலாம். எத்தனையோ பயிற்சிகளை முழக்கமே இல்லாமல் மனத்தில் பதியவைக்க முடியும். சமூக மன்ற இசையறை ஒன்றை வாரம் ஒருமுறை முன்பதிவு செய்யலாம். நம் பாலம் எங்கே இருக்கிறது என்று தேடுவதும் மறுபார்வையின் வேலைதான்.

உயர்நிலை மூன்று, நான்கில் படிக்கும் மாணவர்களுக்கு இது இன்னும் நெருக்கடியான கேள்வி. பல ஆண்டுகள் கற்ற வீணையை ஒரேயடியாக உறையில் போட்டு மூடுவது பெரும்பாலும் இந்த வயதில்தான். ஒரு மணி நேரம் முடியவில்லை, அதனால் ஒன்றுமே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். இங்கே சிறு கணக்கு ஒன்று உதவும். ஜூலை மாதம் முதல் டிசம்பர் மாதம்வரை 184 நாள்கள். நாளுக்கு 20 நிமிடம் என்றால் 61 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வார இறுதியில் மட்டும் இரண்டு மணி நேரம் என்று 26 வாரங்களுக்குக் கணக்கிட்டால் 52 மணி நேரம்தான் வரும். மேலும், விரலும் குரலும் இடைவெளியை விரும்புவதில்லை. சிறிது நேரமானாலும் தினமும் செய்த பயிற்சியே அவற்றில் தங்கும்.

பாதி ஆண்டில் பார்ப்பதற்கு இங்குள்ள இசைக் கலைஞர்களுக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் பொங்கல், தைப்பூசம், தியாகராஜர் ஆராதனை என்று நிகழ்ச்சிகள் நெருக்கமாக வருகின்றன. பிறகு நவராத்திரிக்குக் கோயில்களில் ஒன்பது இரவுகளும் பாட்டும் நடனமும் இருக்கும். அதைத் தொடர்ந்து தீபாவளி. லிட்டில் இந்தியா முழுவதும் விளக்கொளி. நவம்பர் மாதத்தில் எஸ்பிளனேடில் கலா உத்சவம். டிசம்பர் மாதம் பிறந்தால் சென்னையில் மார்கழி இசைவிழா. ஜூன் மாதத்தில் நின்று பார்த்தால் நவராத்திரிக்கு இன்னும் நூறு நாள்கள் இருக்கும். ஒரு புதிய கீர்த்தனையை மனப்பாடம் செய்து, மேடையில் நம்பிக்கையோடு பாடும் அளவுக்குத் தேற அது போதும். செப்டம்பர் மாதத்தில் விழித்துக்கொண்டால் போதாது.

எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்குக் கைப்பேசியே விடையாக இருக்கலாம். ஜனவரி மாதத்தில் பாடிப் பதிவுசெய்த அதே வர்ணத்தை ஜூன் மாதத்தில் மறுபடியும் பதிவுசெய்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், நினைவு மறைப்பதைக் காது சொல்லிவிடும். இரண்டாம் காலத்தில் தாளம் ஓடுகிறதா, மேல் ஷட்ஜத்தில் குரல் நடுங்குகிறதா என்பதெல்லாம் தெரியும். தம் குரலைத் தாமே கேட்பது பலருக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் இரண்டு நிமிடங்களில் போய்விடும்.

எடுத்த தீர்மானத்தைக் குறைத்துக்கொள்வது தோல்வி ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். நம் தேசிய கீதத்தின் வரலாறு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ஸுபிர் சைட் இயற்றி இசையமைத்த ‘மஜுலா சிங்கபூரா’ முதன்முதலில் 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி விக்டோரியா அரங்கில் ஒலித்தது. அப்போது அது நகர மன்றத்துக்காக எழுதப்பட்ட பாடல். மறு ஆண்டு அதையே தேசிய கீதமாக்க முடிவானபோது, அதன் நீளம் குறைக்கப்பட்டது. பல்லாண்டுகள் அது அப்படியே பாடப்பட்டது. பின்னர், எல்லாராலும் மேல் ஸ்வரங்களை எளிதாக எட்டமுடியவில்லை என்று உணர்ந்து, 2001ஆம் ஆண்டில் அதற்குப் புதிய இசைக்கோவை வெளியிடப்பட்டது. மேற்கத்திய முறையில் ‘ஜி’ ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்டிருந்த பாடல், ‘எஃப்’ ஸ்வரத்துக்கு இறக்கப்பட்டது. மெட்டும் சொற்களும் மாறவில்லை. பாடுவோரின் தொண்டைக்கேற்ப சுருதி மட்டும் ஒரு படி தாழ்ந்தது. பள்ளியில் காலையில் கொடியேற்றும்போது மாணவர்கள் பாடுவது அந்தச் சுருதியில்தான்.